மீஞ்சூர் வயலுக்கு அடியில் கடல்

சென்ட்ரலில் கும்மிடிப்பூண்டி மின்சார ரயில் ஏறினால், வடசென்னையின் உழைப்பு முழுவதும் ஜன்னல் வழியே கடந்து போகும். கொருக்குப்பேட்டையிலும் தண்டையார்பேட்டையிலும் சரக்கு வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். திருவொற்றியூர், விம்கோ நகர் பக்கம் ஆலைச் சுவர்கள் நீளும். எண்ணூரைத் தாண்டியதும் கொசஸ்தலையாற்றுக் கழிமுகமும், அனல்மின் நிலையங்களின் புகைபோக்கிகளும், வெயிலில் வெளுத்துக் கிடக்கும் உப்பளங்களும் வரும். அத்திப்பட்டு, நந்தியம்பாக்கம் கடந்து மீஞ்சூரில் இறங்கினால் வேறு உலகம். ஊரை விட்டுக் கொஞ்சம் நடந்தால் வரப்பு, ஏரிக்கரை, பம்ப்செட் கொட்டகை, கொக்குகள் மேயும் நெல்வயல்.

மீஞ்சூரிலிருந்து பார்த்தால் கடல் தெரியாது. காட்டுப்பள்ளிக் கரை கிழக்கே எட்டு, ஒன்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அலையின் ஓசையும் இங்கே எட்டாது. ஆனால் கடல் இந்த ஊரைக் கடந்து மேற்கே போய்ப் பல வருஷம் ஆகிறது. ஒரு வீட்டுச் சுவரும் நனையவில்லை, ஒரு படகும் வரவில்லை. நெல்வயலின் வேருக்குப் பல அடி கீழே, மணலின் இடுக்குகள் வழியாக, இருட்டில், அது மெல்ல நடந்து வந்தது.

ஒரு சிறிய விவசாய ஊருக்கு அடியில் கடல் எப்படி வந்தது, அத்தனை ஆயிரம் ஆண்டுகள் அதை வரவிடாமல் தடுத்து நின்றது எது என்று தேடிப்போனால், நாம் குடிக்கும் தண்ணீரைப் பற்றிய எண்ணமே மாறிவிடும்.

ஆறு விட்டுச்சென்ற மணல்

மீஞ்சூருக்கு வடகாஞ்சி என்று ஒரு பெயர் உண்டு. காஞ்சிபுரத்தில் இருப்பதுபோலவே இங்கேயும் ஏகாம்பரநாதர் கோயிலும் வரதராஜப் பெருமாள் கோயிலும் இருப்பதால் வந்த பெயர் அது. இரண்டு ஊருக்கும் இன்னொரு உறவு மண்ணுக்கு அடியில் இருக்கிறது. காஞ்சிபுரத்தின் அருகே ஓடும் பாலாறு இன்று கல்பாக்கத்துக்குத் தெற்கே வாயலூரில் கடலில் சேர்கிறது. முன்பு ஒரு காலத்தில் அது வடகிழக்காகத் திரும்பி, இன்றைய கொசஸ்தலையாற்றின் வழியில் ஓடியது என்பது நிலவியலாளர் கருத்து. கொசஸ்தலைக்கு விருத்த க்ஷீரநதி, அதாவது கிழப் பாலாறு என்ற பழம்பெயரே இருக்கிறது. பாலாற்று நீரால் நிறையும் காவேரிப்பாக்கம் ஏரியின் உபரிநீர்தான் இன்றும் கொசஸ்தலைக்குத் தொடக்கம். ஆறு இடம் மாறிய பிறகும் தொடர்பு முழுவதும் அறுந்துவிடவில்லை.

பெரிய ஆறு இடம் மாறும்போது தான் சுமந்துவந்த மணலைத் திரும்ப எடுத்துக்கொண்டு போவதில்லை. கொசஸ்தலையும் ஆரணியும் ஓடும் இந்தச் சமவெளியில், பழைய ஆற்றுத்தடங்கள் மணலும் கூழாங்கல்லுமாகப் புதைந்து கிடக்கின்றன. சில இடங்களில் அந்தப் படிவு நூறு அடிக்கும் மேல் ஆழமாக இறங்குகிறது. மணலுக்கு நடுவே களிமண் படுகைகளும் உண்டு.

ஒரு டம்ளர் நிறைய ஆற்றுமணலை எடுத்து அதில் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். நிறைந்துவிட்டது என்று நினைத்த டம்ளர் மேலும் கால் டம்ளருக்குக் குறையாமல் தண்ணீர் வாங்கும். மணல் கெட்டியாகத் தோன்றினாலும் அதன் கொள்ளளவில் கால் பங்குக்கு மேல் வெற்றிடம்தான். இப்போது அந்த டம்ளரைப் பல கிலோமீட்டர் அகலத்துக்கும் நூறடி ஆழத்துக்கும் விரித்துப் பாருங்கள். மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் என்று இந்த வட்டாரம் முழுவதும் உட்கார்ந்திருப்பது அப்படி ஓர் ஏரியின் மேல்தான். கரை இல்லை, மதகு இல்லை, வெயிலுக்கு ஆவியாகவும் ஆகாது. நிலவியலார் இதை நீர்த்தாங்கி என்பார்கள்.

இந்த ஆற்றை நம்பி மனிதர் வாழத் தொடங்கியது நேற்று இல்லை. பூண்டிக்கு அருகே அத்திரம்பாக்கத்தில் 1863-ல் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் கற்கருவிகளைக் கண்டெடுத்தார். அங்கே தொல்லியலாளர் சாந்தி பப்பு குழுவினர் நடத்திய அகழாய்வு, அந்தக் கருவிகளில் பழையவை ஏறக்குறைய 15 லட்சம் ஆண்டு வயதுடையவை என்று 2011-ல் சொன்னது. கொசஸ்தலைக் கரையில் குனிந்து தண்ணீர் அள்ளிய முதல் கைகள், நம் இனம் தோன்றுவதற்கும் மிக முந்தியவை.

நாற்பதும் நாற்பத்தொன்றும்

மணலுக்குள் மழைநீர் நிறைந்திருக்கிறது. அதே மணல் கிழக்கே கடலுக்கு அடியிலும் தொடர்கிறது. நடுவில் சுவர் எதுவும் கிடையாது. அப்படியானால் கடல்நீர் ஏன் உள்ளே வரவில்லை?

விடை ஒரு தராசில் இருக்கிறது. கடல்நீரில் உப்பு கரைந்திருப்பதால் அது கொஞ்சம் கனம். ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் 1,000 கிராம் என்றால், ஒரு லிட்டர் கடல்நீர் சுமார் 1,025 கிராம். வித்தியாசம் மிகச் சிறியது. ஆனால் கணக்கைப் போட்டுப் பாருங்கள்: 40 அடி உயரக் கடல்நீர்த் தூணின் எடையும் 41 அடி உயர நல்ல தண்ணீர்த் தூணின் எடையும் ஒன்றே.

இதன் பொருள் என்ன? கிணற்றில் நீர்மட்டம் கடல் மட்டத்தைவிட ஓர் அடி மேலே நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே 40 அடி ஆழம் வரை நல்ல தண்ணீர் தாங்கி நிற்கும். உப்புநீர் அதற்கும் அடியில்தான் கிடக்க முடியும். ஐந்தடி மேலே நின்றால் 200 அடி. மணல் அடுக்கே அவ்வளவு ஆழம் இல்லாத இடத்தில் கடலுக்கு உள்ளே வர வழியே இல்லை. மேலே தெரியும் அந்த ஒரு சிறிய மேடு, கீழே ஒரு கோட்டைச் சுவராக நிற்கிறது.

கடற்கரையில் விளையாடும் பிள்ளைகளுக்குக்கூட இந்தக் கணக்கின் ருசி தெரியும். அலை தொடும் இடத்திலிருந்து சற்று மேலே தள்ளி மணலில் குழி தோண்டினால் ஊறுவது பல இடங்களில் நல்ல தண்ணீர். கடலோரக் குப்பங்கள் இப்படிப்பட்ட ஊற்றுகளை நம்பியே வாழ்ந்தன. இலேசான மழைநீர் கனமான உப்புநீரின் மேல் மிதக்கிறது. அதிகம் அள்ளாமல், ஊற விட்டு ஊற விட்டு எடுக்கும்வரை இனிக்கும். அவசரப்பட்டு இறைத்தால் கரிக்கும்.

இந்த விதியை எழுத்தில் வைத்தவர்களில் ஒருவர் பாடோன் கைபன் என்ற டச்சு ராணுவப் பொறியாளர். ஆம்ஸ்டர்டாம் அருகே கிணறு தோண்டும் திட்டத்துக்காக 1880-களின் இறுதியில் அவர் இதைக் கணக்கிட்டார். 1901-ல் ஹெர்ட்ஸ்பெர்க் என்ற ஜெர்மானியர், வடகடல் தீவு ஒன்றின் கிணறுகளைப் பார்த்துத் தனியாகவே இதே முடிவுக்கு வந்தார். இருவர் பெயராலும்தான் இன்று உலகமெங்கும் இந்த விதி வழங்குகிறது. ஆம்ஸ்டர்டாமின் கதை பின்னால் நமக்குத் தேவைப்படும். அதற்கு முன் ரயில் வந்த வழியே கொஞ்சம் திரும்பிப் போவோம்.

ஒற்றி என்ற சொல்

மீஞ்சூருக்குத் தெற்கே, ரயில் கடந்து வந்த திருவொற்றியூரில், ஆதிபுரீஸ்வரர் கோயிலின் தலபுராணம் ஒன்று சொல்கிறது. பிரளய காலத்தில் பொங்கி வந்த வெள்ளம் இந்தத் தலத்தை நெருங்க முடியாமல் ஒற்றி விலகி நின்றது, அதனால் ஒற்றியூர். பல்லவர், சோழர் காலத்திலிருந்து நூற்றுக்கு மேற்பட்ட கல்வெட்டுகள் உள்ள கோயில் அது. கடலின் உப்பங்காற்று வீசும் வாசலில் இருந்துகொண்டு, தண்ணீரை விலக்கி நிறுத்திய கதையை அது தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறது.

இந்தக் கரையின் நிலத்தடியில் நடந்ததும் அதேதான். வயலிலும் ஏரியிலும் ஆற்றிலும் இறங்கிய மழை, மணலுக்குள் நிறைந்து, கடலை ஒற்றி விலக்கி நிறுத்தியது. அந்த வேலையை ஒவ்வொரு ஐப்பசியும் கார்த்திகையும் புதுப்பித்தன.

ஒற்றிக்கு இன்னொரு பொருளும் உண்டு, அந்தப் பொருளிலும் ஊர்ப்பெயருக்கு விளக்கம் சொல்வார்கள். நிலத்தை ஒத்திக்கு விடுவது என்று கிராமத்தில் சொல்வது அதைத்தான். அவசரத்துக்குப் பணம் வாங்கிக்கொண்டு நிலத்தை ஒருவர் கையில் கொடுக்கிறோம். வட்டி கிடையாது. பணத்தைத் திருப்பும்வரை நிலத்தின் விளைச்சல் அவருக்கு. நிலம் மட்டும் நம்முடையது, மீட்கும் உரிமையும் நம்முடையது.

மீஞ்சூர் தண்ணீரின் வரலாறு, இந்த முதல் ஒற்றியிலிருந்து இரண்டாவது ஒற்றிக்குப் போன வரலாறு.

கவலை போய் மோட்டார் வந்தது

திருவள்ளூர் வட்டாரத்தில் நெல்லுக்கு மூன்று பட்டம். ஆடி, ஆவணியில் தொடங்கும் சம்பாவுக்கு மழையும் ஏரியும் துணை. தை, மாசியில் நிற்கும் நவரைக்கு ஏரியில் மிஞ்சியதும் கிணறும். சித்திரை வெயிலில் நிற்கும் சொர்ணவாரிக்குக் கிணறுதான் கதி.

மோட்டார் வருவதற்கு முன் கிணற்றிலிருந்து தண்ணீர் எடுத்தது ஏற்றமும் கவலையும். இரண்டு மாடு, ஒரு தோல்சால், சரிவில் இறங்கி ஏறும் நடை. மாடு களைத்தால் இறைப்பு நிற்கும். நீர்மட்டம் மிகவும் கீழே போனால் கவலைக்கு எட்டாது. அந்தத் தொழில்நுட்பத்தின் எல்லையே நிலத்தடி நீருக்குக் காவலாக இருந்தது. யாரும் நினைத்தாலும் ஓர் அளவுக்கு மேல் எடுக்க முடியாது. எண்ணெய் இன்ஜினும் மின்மோட்டாரும் அந்தக் காவலை எடுத்துவிட்டன. உழவருக்கு அது எவ்வளவு பெரிய விடுதலை என்பதையும் மறக்கக் கூடாது. சொர்ணவாரியில் வீடு நிறைய நெல் கண்டது அந்த மோட்டார்களால்தான்.

அதே காலத்தில் பக்கத்தில் நகரம் வளர்ந்தது. வடசென்னை மணலிலிருந்து தண்ணீர் எடுப்பது புதிதல்ல. 1772-ல் கறுப்பர் நகரத்தில் வெட்டப்பட்ட ஏழுகிணறு, ஜார்ஜ் கோட்டைக்குத் தண்ணீர் தந்தது. அந்தப் பகுதிக்கு இன்றும் ஏழுகிணறு என்றே பெயர். பின்னர் செங்குன்றம் ஏரியும், 1944-ல் கொசஸ்தலையின் குறுக்கே கட்டிய பூண்டி நீர்த்தேக்கமும் நகரத்துக்கு வாய்த்தன. ஆனால் தாகம் அவற்றையும் மிஞ்சியது. எண்ணூரில் அசோக் லேலண்ட், திருவொற்றியூரில் என்ஃபீல்டு என்று ஆலைகள் ஏற்கெனவே இருந்தன. 1969-ல் மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை இயங்கத் தொடங்கியது, அடுத்து உர ஆலை வந்தது, எண்ணூரில் அனல்மின் நிலையம் வந்தது. இவை எல்லாவற்றுக்கும் தண்ணீர் வேண்டும்.

1966 முதல் 1969 வரை ஐ.நா. வளர்ச்சித் திட்ட உதவியோடு நடந்த ஆய்வு, ஆரணி – கொசஸ்தலைச் சமவெளியின் அடியில் இருந்த அந்தக் கரையில்லா ஏரியை அளந்து காட்டியது. மீஞ்சூர், துரைநல்லூர் – பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் என்று மூன்று கிணற்றுக் களங்கள் தேர்வாயின. ஆழ்துளைக் கிணறுகளிலிருந்து குழாய் வழியே தண்ணீர் தெற்கே போனது. அதில் பெரும்பங்கு மணலியின் ஆலைகளுக்கு. வயல் மோட்டாரும் நகர மோட்டாரும் ஒரே மணலில் சேர்ந்து உறிஞ்சின. மழை நிரப்பியதைவிட எடுத்தது அதிகமானது.

நீர்மட்டம் இறங்கியது. கடல் மட்டத்துக்குச் சமமாக வந்தது. பிறகு அதற்கும் கீழே போனது. அன்றோடு தராசு சாய்ந்துவிட்டது. அதுவரை நிலத்தடி நீர் மேற்கிலிருந்து கிழக்கே, கடலை நோக்கி மெல்ல ஓடிக்கொண்டிருந்தது. இப்போது பள்ளம் நிலத்தின் பக்கம். தண்ணீர் பள்ளத்துக்குத்தான் ஓடும், கடல்நீரும் அப்படித்தான்.

கடல் நடந்த தூரம்

1960-களின் இறுதியில் உப்புநீரின் முனை கரையிலிருந்து ஏறக்குறைய 3 கிலோமீட்டர் தூரத்தில் இருந்தது. 1980-களில் அது 9 கிலோமீட்டரை எட்டியது. மீஞ்சூர் இருப்பது அந்தத் தூரத்தில்தான். 2000-க்குப் பிறகான ஆய்வுகள் 13 கிலோமீட்டரையும் தாண்டிவிட்டதைக் காட்டின. நாற்பது ஆண்டில் பத்து கிலோமீட்டர் என்று கணக்கு வைத்தால் ஒரு நாளைக்குச் சராசரியாக இரண்டடி. நத்தைகூட அதைவிட வேகமாகப் போகும். அதனால்தான் யாராலும் அதைப் பார்க்க முடியவில்லை. கிணற்றுத் தண்ணீரின் ருசியில் மட்டும் தெரிந்தது.

எவ்வளவு கலந்தால் கெடும்? வீட்டில் இருக்கும் 15 லிட்டர் குடத்தை வைத்துக் கணக்குப் பார்க்கலாம். ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 19,000 மில்லிகிராம் குளோரைடு இருக்கிறது. குடிநீரில் லிட்டருக்கு 250 மில்லிகிராமுக்குள் இருப்பது விரும்பத்தக்கது என்கிறது இந்தியத் தர நிர்ணயம். ஒரு குடம் நல்ல தண்ணீரில் ஒரே ஒரு டம்ளர், 200 மில்லி கடல்நீரை ஊற்றினால் அந்த 250 எட்டிவிடும். ஒரு லிட்டர் ஊற்றினால், வேறு தண்ணீரே கிடைக்காத இடத்துக்கென்று தளர்த்தி வைத்த 1,000 மில்லிகிராம் எல்லையும் கடந்துவிடும். நூற்றுக்கு ஏழு பங்குகூட இல்லை, அதற்குள் குடம் கைவிட்டுப் போகிறது. நீர்த்தாங்கியைக் கெடுக்க அதைக் கடலால் நிரப்ப வேண்டியதில்லை. ஓரமாகக் கலந்தாலே போதும்.

நெல்லுக்கும் ஓர் எல்லை உண்டு. வேர், மண்ணில் இருக்கும் தண்ணீரைவிடத் தன் உள்ளே இருக்கும் சாறு அடர்த்தியாக இருந்தால்தான் நீரை இழுக்க முடியும். மண்ணீரில் உப்பு கூடக் கூட அந்த இழுவிசை குறையும். வயலில் தண்ணீர் தளும்ப நின்றாலும் பயிருக்குத் தாகம் தீராது. நுனி கருகி, பால் பிடிக்கும் நேரத்தில் பதராகப் போகும்.

இதோடு நிற்பதில்லை. உழவர்கள் உவர் என்றும் களர் என்றும் இரண்டு சொல் வைத்திருக்கிறார்கள், அறிவியலும் அவற்றை இரண்டாகவே பார்க்கிறது. உவர்நிலத்தில் உப்பு மேலே பூத்து நிற்கும், நல்ல மழை பெய்தால் கழுவிப் போகும். களரில் நடப்பது ஆழமான மாற்றம். களிமண் துகள்களை ஒன்றோடொன்று பிடித்து வைத்திருப்பது கால்சியம். கடல்நீரின் சோடியம் வந்து அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டால் துகள்கள் பிரிந்து, ஈரத்தில் சேறாகக் குழைந்து, காய்ந்தால் பாறையாக இறுகும். தண்ணீர் உள்ளே இறங்காது, காற்றும் போகாது. அதை மீட்க ஜிப்சம் போட்டுக் கால்சியத்தைத் திரும்பக் கொடுக்க வேண்டும், பிறகு நல்ல தண்ணீர் விட்டுச் சோடியத்தைக் கழுவி வெளியேற்ற வேண்டும். அந்த நல்ல தண்ணீருக்கு எங்கே போவது என்பதுதான் கேள்வி.

இந்த வட்டாரத்தில் வரும் உப்பெல்லாம் ஒரே வழியில் வந்ததும் அல்ல. கழிமுகம் வழியே ஓதத்தோடு ஆற்றுக்குள் ஏறும் உப்புநீர் உண்டு. 1806-ல் எண்ணூர் வரை வெட்டத் தொடங்கிப் பின்னர் பக்கிங்ஹாம் கால்வாய் என்று பெயர் பெற்ற உப்புநீர்த் தடம் உண்டு. பழங்காலத்தில் கடல் உயர்ந்திருந்தபோது களிமண்ணில் சிக்கி நின்ற உப்பும் உண்டு. எந்தக் கிணற்றில் எந்த உப்பு என்று பிரித்தறிய, நீரில் கரைந்த அயனிகளின் விகிதத்தையும் ஐசோடோப்புகளையும் ஆய்வாளர்கள் அளக்கிறார்கள். நோயைச் சரியாகக் கண்டுபிடித்தால்தான் மருந்து பலிக்கும்.

திருப்பிக் கொடுப்பது எப்படி

மீஞ்சூரின் நிலை ஒரு சட்டத்துக்கும் காரணமானது. 1987-ல் வந்த சென்னைப் பெருநகர்ப் பகுதி நிலத்தடி நீர் ஒழுங்குமுறைச் சட்டம், குறிப்பிட்ட ஊர்களில் கிணறு வெட்டவும் தண்ணீரை எடுத்துச் செல்லவும் அனுமதி வேண்டும் என்றது. நிலத்துக்கு உரிமையாளர் நிலத்தடி நீருக்கும் தனி உரிமையாளர் என்று இருந்த நாட்டில் அது பெரிய மாற்றம். இருந்தும் வறட்சி வந்தபோதெல்லாம் நகரம் இந்தப் பக்கம்தான் திரும்பியது. விவசாயிகளின் கிணறுகளிலிருந்தே நகரத்துக்குத் தண்ணீர் விலைக்குப் போனது. நெல் தராத வருமானத்தைத் தண்ணீர் தந்தது. கடன் இருக்கும் வீட்டில் அதைத் தவறென்று சொல்ல யாருக்கு மனம் வரும்? ஒத்திக்கு விடுகிறவர் யாரும் ஆசைப்பட்டு விடுவதில்லை.

2010 ஜூலையில் காட்டுப்பள்ளிக் கரையில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை திறக்கப்பட்டது. நாளுக்கு 10 கோடி லிட்டர் தருவது. மீஞ்சூர் ஆலை என்றே அதைச் சொல்கிறோம். கடல்நீரை மிக அதிக அழுத்தத்தில் மெல்லிய சவ்வின் வழியே தள்ளி உப்பைப் பிரிக்கும் தொழில்நுட்பம் அது. இத்தகைய ஆலைகளில் ஆயிரம் லிட்டர் தண்ணீருக்கு 3 முதல் 4 யூனிட் மின்சாரம் செலவாகும். நகரத்துக்கு அது உயிர்நீர்தான். ஆனால் இதே கரையில், மின்சாரம் இல்லாமல், யாரும் காவல் நிற்காமல், வயலும் மணலும் மழையும் சேர்ந்து நல்ல தண்ணீரையும் உப்பையும் பிரித்து வைத்திருந்தன என்பதை நினைக்கும்போதுதான் அந்தப் பழைய ஏற்பாட்டின் மதிப்பு புரிகிறது.

அதை மீட்க முடியுமா? இங்கேதான் ஆம்ஸ்டர்டாம் வருகிறது. அந்த நகரம் 1853-லிருந்து கடலோர மணல்மேடுகளின் நீரைக் குடித்தது. ஆண்டுக்கு ஆண்டு அதிகம் எடுத்தது. மீஞ்சூரில் நடந்ததே அங்கும் நடந்தது, அடியிலிருந்து உப்பு ஏறியது. 1957-லிருந்து அவர்கள் ரைன் ஆற்று நீரைத் தெளியவைத்துக் குழாயில் கொண்டுவந்து, மணல்மேட்டுக் குளங்களில் விட்டு மண்ணுக்குள் இறக்கினார்கள். எடுப்பதற்கு முன் கொடுப்பது என்பதை நகர நிர்வாகத்தின் வேலையாகவே ஆக்கிக்கொண்டார்கள். இன்றும் அந்த மணல் அவர்களுக்குத் தண்ணீர் தருகிறது. அமெரிக்காவில் கலிஃபோர்னியாவின் ஆரஞ்சு கவுண்டி வேறு வழி கண்டது. 1970-களிலிருந்து சுத்திகரித்த கழிவுநீரைக் கடலோரக் கிணறுகள் வழியே மண்ணுக்குள் செலுத்தி, கடலுக்கு எதிராக நல்ல தண்ணீரால் ஒரு சுவர் எழுப்பி வைத்திருக்கிறார்கள். ஒற்றியூர்ப் புராணம் சொன்ன செயலை அங்கே பம்புகள் செய்கின்றன.

நம் பக்கமும் வெறுங்கையாக இல்லை. மணலியின் ஆலைகள் 1990-களிலேயே நகரக் கழிவுநீரைச் சுத்திகரித்துப் பயன்படுத்தத் தொடங்கின. 2019-ல் கொடுங்கையூரில், நாளுக்கு 4.5 கோடி லிட்டர் கழிவுநீரை மூன்றாம் கட்டம் வரை சுத்திகரித்து மணலி, மீஞ்சூர், எண்ணூர்த் தொழிற்சாலைகளுக்கு அனுப்பும் நிலையம் வந்தது. நகரத்தின் கழிவு ஆலைக்குள் போகும்போது, அந்த அளவுக்கு மீஞ்சூரின் மணல் ஓய்வு பெறுகிறது. கொசஸ்தலையிலும் ஆரணியிலும் கட்டிய தடுப்பணைகள் வெள்ளத்தைச் சில வாரங்களாவது நிறுத்தி மண்ணுக்குள் இறக்குகின்றன. ஆரணியாற்றுத் தடுப்பணையை ஆய்ந்த அண்ணா பல்கலைக்கழகத்தினர், அருகிலுள்ள கிணறுகளில் நீர்மட்டம் உயர்ந்ததையும் உப்பு குறைந்ததையும் பதிவு செய்திருக்கிறார்கள்.

இதோடு செய்ய வேண்டியவை நமக்குத் தெரிந்தவைதான். ஏரிகளைத் தூர்வாரிக் கால்வாய்களைத் திறந்து வைப்பது. ஆற்றுமணலை ஆற்றிலேயே விடுவது. மணல் போனால் தண்ணீர் தங்கும் பாத்திரமே போய்விடும். கழிமுகத்தின் ஓதவெளிகளை நிரப்பாமல் காப்பது. இவற்றோடு, நெல் நிற்கும் வயலை வயலாகவே வைத்திருக்க உழவருக்கு நியாயமான வருமானம் கிடைக்கச் செய்வதும் தண்ணீர்த் திட்டம்தான். வரப்பு கட்டி மழைநீரை நிறுத்தும் ஒவ்வொரு காணி வயலும் மண்ணுக்குள் நீரை இறக்கும் ஒரு சிறு குளம். அந்த வயல் சிமென்ட் தளமாக மாறும் நாளில், கடலுக்கு எதிரே நிற்கும் காவலாளிகளில் ஒருவர் குறைகிறார்.

மீட்பு விரைவில் நடக்காது. நாளுக்கு இரண்டடி வைத்து வந்த கடல், அதே வேகத்தில் போவதற்கும் பல பத்தாண்டு ஆகும். களிமண்ணில் ஒட்டிய சோடியம் அதற்கும் மேல் அடம்பிடிக்கும். முதலில் நீர்மட்டம் கடல் மட்டத்தைத் தொட வேண்டும், அதுவரை செய்வது பழைய கடனுக்கே சரியாகப் போகும். ஆனால் அந்தக் கோட்டைத் தாண்டிய பிறகு, நம்மைத் தோற்கடித்த கணக்கே நம் பக்கம் நின்று வேலை செய்யும். ஓர் அடி இறங்கியபோது நாற்பது அடியை இழந்தோம். ஓர் அடி ஏற்றினால் நாற்பது அடி திரும்பக் கிடைக்கும்.

ஐப்பசி அடைமழையில் வல்லூர் அணைக்கட்டைத் தாண்டிக் கொசஸ்தலை செந்நீராக எண்ணூரை நோக்கி ஓடும். மீஞ்சூர் வயல்களில் சம்பா நெல் இடுப்பளவு நிற்கும். பார்ப்பதற்கு எல்லாம் கடலுக்குப் போவதுபோலத் தோன்றும். ஆனால் வரப்புக்குள் நிற்கும் தண்ணீரில் ஒரு பங்கு போகாமல், யாருக்கும் தெரியாமல், நேரே கீழே இறங்கிக்கொண்டிருக்கும். ஒத்திக்குப் போன நிலத்தை மீட்க, வீட்டில் ஒருவர் ஒவ்வொரு மாதமும் சிறுகச் சிறுகச் சேர்ப்பதுபோல அது சேர்கிறது. அது சேர்வதற்குள் மறுபடி கை வைக்காமல் இருப்பது நம் பொறுப்பு.